விழுந்த மரத்தைப் பலகையாக்க: அறுவை, உலர்த்தல், ரவுட்டர் ஸ்லெட்

வடசென்னையில் நல்ல கட்டை கையில் கிடைப்பது பெரும்பாலும் டிசம்பரில்தான். 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம் என்று புயல் கடந்த மறுநாள் வேம்பும் தூங்குமூஞ்சியும் பூவரசும் சாய்ந்து கிடக்கும். தெருவோர மரம் மாநகராட்சியுடையது, விழுந்து கிடந்தாலும் கேட்காமல் எடுக்கக்கூடாது. சொந்த இடத்து மரம் என்றால் அந்த வாரமே துண்டுபோட்டு, வெட்டு முனை இரண்டிலும் பழைய எனாமல் பெயின்ட்டைக் கெட்டியாக இரண்டு கோட்டு அடித்துவிடுங்கள். ஈரம் பக்கவாட்டைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனையை மூடாத கட்டை ஒரே மாதத்தில் அரை அடி ஆழம்கூட வெடித்துவிடும். கட்டை மண்ணைத் தொடாதபடி இரண்டு செங்கல் மேல் உருட்டி வையுங்கள்.

மில்லுக்கு ஏற்றும் முன் ஆணி தேடுங்கள். நம் தெரு மரங்களில் பேனர் ஆணி, துணிக்கொடிக் கம்பி, கோயில் வேம்பு என்றால் மஞ்சள் துணி கட்டிய ஆணி என்று எல்லாமே பட்டைக்குள் புதைந்திருக்கும். வெட்டு முனையில் கருநீலத் திட்டு தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம், மரத்தின் துவர்ப்பும் துருவும் சேர்ந்த நிறம் அது. கையடக்க மெட்டல் டிடெக்டரால் முழு நீளமும் தடவிப் பார்த்துவிடுங்கள். ஆணியில் பிளேடு போனால் காசு உங்கள் கணக்கில்தான்.

புழல், செங்குன்றம் பக்கம் ஜி.என்.டி. சாலை மில்களில் பேண்ட் சாவில் (வளையப் பட்டை ரம்பம்) அறுக்கலாம். பிளேடு தின்னும் மரம் 2 முதல் 3 மி.மீ.தான், செயின் சா மில் என்றால் ஒவ்வொரு அறுப்பிலும் 8 மி.மீ. தூளாகப் போகும். வண்டி ஏறாத பெரிய கட்டைக்கு மட்டும் செயின் சாவை நாடுங்கள், அதற்கும் நீளவாக்கில் அறுக்கும் ரிப்பிங் செயின் வேண்டும். கூலி கன அடிக் கணக்கில் வரும். நடுச் சுற்றளவு அங்குலத்தை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளம் அடியால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 60 அங்குலச் சுற்று, 7 அடி நீளம் என்றால் ஏறக்குறைய 11 கன அடி.

முடிந்த பலகை 40 மி.மீ. வேண்டுமென்றால் 55க்குக் குறையாமல் அறுக்கச் சொல்லுங்கள். கட்டையின் நடுப்புள்ளி எந்தப் பலகையில் வந்தாலும் அது பிளக்கும். அந்தப் புள்ளி ஒரே பலகைக்குள் அடங்கும்படி முதல் அறுப்பைப் போடுங்கள். அந்தப் பலகையை அப்புறம் நீளவாக்கில் இரண்டாகக் கீறி நடுவை நீக்கிவிடலாம். அறுத்த அன்றே, பச்சையாக இருக்கும்போது, 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து எல்லாப் பக்கமும் பூசுங்கள். மாங்கட்டைக்கும் தூங்குமூஞ்சியின் வெள்ளைப் பகுதிக்கும் இது கட்டாயம், உளுப்பூச்சி முதலில் அங்கேதான் இறங்கும்.

இனி வருவது உலர்த்தல். பாதிப் பலகைகள் கெடுவது இங்கேதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு போல மழைநீர் தேங்கும் இடமென்றால் ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டடி உயரத்தில் அடுக்கைத் தொடங்குங்கள். பலகைக்குப் பலகை இடையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஓர் அங்குலக் காய்ந்த ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்). எல்லா ரீப்பரும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஒன்று விலகினாலும் பலகை அந்த இடத்தில் தொய்ந்து அப்படியே இறுகிவிடும். மேலே தகரம், அதன்மேல் கனம். மொட்டைமாடி வெயிலில் போடாதீர்கள். சித்திரை வெயிலில் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டால் பலகை உட்புறமே வெடிக்கும்.

இரண்டங்குலப் பலகைக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். நாள்காட்டியை நம்பாமல் ஒரு பலகையை மாதம் ஒருமுறை தொங்கு தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். எடை இறங்குவது நின்றபின், முனையில் அரை அடி அறுத்து உள்முகத்தில் ஈரமானி குத்துங்கள். கடலோரக் காற்றில் 12 முதல் 14 சதவீதம் வந்தால் தயார். அதற்குக் கீழே வெளியில் வைத்து இறக்க முடியாது. ஏசி அறைக்குப் போகும் மேசை என்றால் அந்த அறையிலேயே இரண்டு மாதம் ரீப்பர் மேல் கிடத்துங்கள்.

காய்ந்த பலகையின் முகத்தைச் சமமாகச் சீவ உதவும் ஸ்லெட் என்பது எளிய சட்டம். பலகையின் இரு பக்கமும் நேரான இரண்டு தண்டவாளம், அவற்றின் மேல் குறுக்காக ஓடும் பெட்டி, அதற்குள் ரவுட்டர், அதாவது சுழலும் பிட்டால் மரத்தைச் செதுக்கும் மின்கருவி. தண்டவாளத்துக்கு அலுமினியப் பெட்டிக் குழாய் நல்லது, காசிமேடு, எண்ணூர்க் காற்றில் இரும்பு துருப்பிடித்து வழுக்காமல் போகும். தண்டவாளத்தின் நான்கு மூலைகளுக்கும் குறுக்காக இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் மெல்லத் தொட வேண்டும். மேல் நூலைக் கீழ்மாற்றிக் கட்டியும் அதே தொடுகை வந்தால்தான் தளம் முறுக்கில்லாதது. இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தால் தண்டவாளத்தின் முறுக்கை அப்படியே பலகையில் செதுக்கிவைப்பீர்கள்.

பலகையின் குழிந்த முகம் கீழே இருக்கட்டும், அப்போதுதான் ஆடாது. இடைவெளியில் ஆப்பு செருகுங்கள், ஆனால் தட்டி இறுக்கி வளைவை நிமிர்த்தாதீர்கள், ஆப்பை எடுத்ததும் பழைய வளைவு திரும்பிவிடும். அரை அங்குலக் கோலெட் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி), 1600 வாட்டுக்கு மேல் ரவுட்டர், 50 மி.மீ. சர்ஃபேசிங் பிட், நிமிடத்துக்கு 10,000 முதல் 12,000 சுற்று. 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷனை 16 ஆம்பியர் பிளக்கில் செருகுங்கள். ஒரு தடவைக்கு 2 மி.மீ. ஆழம், கடைசித் தடவையில் அரை மி.மீ. உங்களிடமிருந்து விலகித் தள்ளும்போது வெட்டாத மரம் பிட்டின் இடப்பக்கம் இருக்கட்டும். வலப்பக்கம் இருந்தால் பிட் மரத்தைப் பற்றி ஓடப் பார்க்கும். என்95 முகமூடி இல்லாமல் தூங்குமூஞ்சித் தூளில் நிற்காதீர்கள், மூக்கை அறுக்கும்.

நடுவில் மட்டும் பள்ளம் விழுந்தால் ஸ்லெட் தொய்கிறது, அடியில் எல் ஆங்கிள் சேருங்கள். ஒவ்வொரு கோட்டிலும் படி தெரிந்தால் ரவுட்டர் சாய்ந்திருக்கிறது, அடித்தட்டின் கீழ் காகிதத் துண்டு வைத்து நிமிர்த்துங்கள். கருகினால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது நீங்கள் நின்று நின்று தள்ளுகிறீர்கள்.

இரு முகத்திலும் சமமாக எடுங்கள். ஒரு பக்கமே சீவினால் பலகை ஒரு வாரத்தில் மீண்டும் குழியும். கடைசி 2 மி.மீ.யை விட்டுவைத்து, பத்து நாள் ரீப்பர் மேல் கிடத்தி, பிறகு முடியுங்கள். உப்புத்தாள் 60, 80, 120, 180. எண்ணெயோ பாலிஷோ அடிப்பக்கமும் அதே எண்ணிக்கைக் கோட்டு. இரண்டடி அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் 3 முதல் 5 மி.மீ. நகரும், கால் பொருத்தும் தட்டில் திருகு ஓட்டைகளை அகலவாக்கில் நீட்டி அராவிக்கொள்ளுங்கள்.