தெக்கோங் படகு ஏறும் முன்: காத்திருக்கும் மூன்று மாதத்தில் என்ன செய்யலாம்?

பாலிடெக்னிக் முடிந்து, தேசிய சேவைக்குச் (கட்டாய ராணுவப் பணி) சேரும் தேதியும் வந்துவிட்டது. நடுவில் மூன்று மாதம் இருக்கிறது. சிங்கப்பூரில் இந்த நிலையில் இருக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். புதுப் பொருள்கள் வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். சீருடை, பூட்ஸ், பை எல்லாம் அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவிலேயே தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது பழகிய காலும் பழகிய கையும்தான்.

1. ஓட்டம்

உடற்தகுதித் தேர்வுக்கு 100 மதிப்பெண். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கே 50. ஒரு நிமிட புஷ்-அப், ஒரு நிமிட சிட்-அப் இரண்டுக்கும் தலா 25. அதனால் ஓட்டத்தில் கவனம் வையுங்கள்.

முதல் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 20 நிமிடம் போதும். அப்புறம் வாரம் ஒருநாள் விளையாட்டரங்கத் தடத்துக்குப் போங்கள். 2.4 கிலோமீட்டர் என்பது அங்கே சரியாக ஆறு சுற்று. 12 நிமிடத்தில் முடிக்க ஆசையா? ஒரு சுற்றை 2 நிமிடத்தில் ஓடிவிட்டு, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள். இப்படி ஆறு முறை. பிறகு ஓய்வு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

2. பாதம்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடிப்படைப் பயிற்சியின் முடிவில் முதுகில் சுமையோடு 24 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 5 கிலோ பையோடு 4 கிலோமீட்டரில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள்.

நடக்கும்போது குதிகாலில் ஓர் இடம் மட்டும் சுடுகிற மாதிரி இருந்தால் உடனே நில்லுங்கள். சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் தோல் சிவந்திருக்கும், கொப்புளம் இன்னும் எழும்பியிருக்காது. அந்த நேரத்தில் பிளாஸ்திரி ஒட்டினால் தப்பித்துவிடலாம். “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று நான் நடந்த ஒருநாள், தோல் உரிந்து ஒரு வாரம் செருப்போடுதான் திரிந்தேன்.

3. தண்ணீர்

தாகம் எடுக்கும் முன்பே குடிக்கப் பழகுங்கள். அங்கே எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துக் குடிக்கச் சொல்வார்கள். வெயிலில் யாரும் சுருண்டு விழக்கூடாது என்பதற்காகத்தான்.

4. வீட்டு வேலை

படுக்கை விரிப்பு, துணி துவைப்பது, இஸ்திரி போடுவது. இன்றிலிருந்து அம்மாவிடம் கொடுக்காதீர்கள்.

5. மலாய்க் கட்டளைகள்

அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில்தான் வரும். “செடியா” என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். “செனாங் டிரி” என்றால் கால் அகட்டி நிற்க வேண்டும். “கெ கானான் பூசிங்” என்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் முதல் நாள் பதற்றம் பாதி குறையும்.

6. உடல்நலம்

ஆஸ்துமா, பழைய முழங்கால் அடி, மயக்கம் எதுவானாலும் மருத்துவப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லுங்கள். தயவுசெய்து இதில் வீரம் காட்டாதீர்கள்.

7. கடைசி வாரம்

இரவு பத்தரைக்குள் விளக்கை அணையுங்கள், காலை ஐந்தரைக்கு எழுங்கள். கண்ணாடி போடுபவர்கள் இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள், தனிச் சாப்பாடு உண்டு.

சேரும் நாளில் பெற்றோரும் படகில் உங்களோடு வரலாம். நீங்கள் படுக்கும் இடத்தைப் பார்த்து, உணவுக்கூடத்தில் உங்களோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அதன்பின் முதல் இரண்டு வாரம் போல வீட்டுக்கு விடமாட்டார்கள். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். படகுத்துறையில் வைத்துச் சொல்லாதீர்கள்.