க்யூஎமுவில் ஒரு டிவைஸுக்கு மெமரி ரீஜன் எழுதுவது எப்படி?

புதிய போர்டு ஒன்றை க்யூஎமுவில் (ஹார்ட்வேரைச் சாஃப்ட்வேரிலேயே போலியாக உருவாக்கும் எமுலேட்டர்) ஓட்டிப் பார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் ரீட், ரைட் ஃபங்ஷன்களை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். சிப்பின் மேனுவலில் உள்ள அட்ரஸ் மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் (இந்தத் துண்டுதான் மெமரி ரீஜன்) பார்த்துக் கேளுங்கள்: இங்கே படித்தாலோ எழுதினாலோ கூடவே வேறு ஏதாவது நடக்குமா? நடக்காது என்றால் அது ரேம் அல்லது ரோம். ஹோஸ்டின் (க்யூஎமு ஓடும் உங்கள் கணினி) மெமரியையே கொடுத்துவிடலாம், கெஸ்ட் (க்யூஎமுவுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) அதைப் படிக்கும்போது உங்கள் கோட் ஓடவே ஓடாது. நடக்கும் என்றால் அது ஐஓ ரீஜன். ஒவ்வொரு முறையும் உங்கள் கால்பேக் (நீங்கள் எழுதிக் கொடுத்த ரீட் அல்லது ரைட் ஃபங்ஷன்) கூப்பிடப்படும்.

கால்பேக்குக்கு வருவது முழு அட்ரஸ் இல்லை, ரீஜனின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி (ஆஃப்செட்) என்பதுதான். ஆர்மின் 'வெர்ட்' போர்டில் பிஎல்011 சீரியல் போர்ட் ஹெக்ஸ் 9000000-இல் இருக்கிறது, அளவு 4 கேபி. அதன் ஃப்ளாக் ரெஜிஸ்டரைக் கெஸ்ட் படித்தால் உங்களுக்கு வருவது வெறும் ஹெக்ஸ் 18. ஆக, பேஸ் அட்ரஸ் டிவைஸ் கோடில் எங்கேயும் தலைகாட்டக் கூடாது, அது போர்டு கோடின் வேலை.

அடுத்தது அளவு. நான் வசமாக மாட்டிக்கொண்ட இடம் இது. கால்பேக்குகளைக் க்யூஎமுவுக்குச் சொல்லும் ஆப்ஸ் ஸ்ட்ரக்சரில் 'வேலிட்', 'இம்ப்ல்' என்று இரண்டு இருக்கும். கெஸ்ட் எந்த அளவில் படிக்கலாம், எழுதலாம் என்பதை முதலாவது சொல்கிறது. உங்கள் கால்பேக்குக்கு எந்த அளவு தெரியும் என்பதை இரண்டாவது சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் க்யூஎமு ஒரே ரீடைத் துண்டு துண்டாக வெட்டி உங்களைப் பலமுறை கூப்பிடும். நான் வேறொரு டிவைஸிலிருந்து ஸ்ட்ரக்சரை அப்படியே காப்பியடித்ததில் இம்ப்லின் அதிகபட்ச அளவு 1 பைட் என்று தங்கிவிட்டது, என் கால்பேக்கோ ஆஃப்செட்டை 4-ஆல் வகுத்து ரெஜிஸ்டரைக் கண்டுபிடிப்பது. டிரைவர் டேட்டா ரெஜிஸ்டரை 4 பைட்டாகப் படித்தால் 0, 1, 2, 3 என்று நான்கு அழைப்பு, நான்கும் ஒரே ரெஜிஸ்டருக்கு, ஒவ்வொன்றும் ஃபிஃபோவிலிருந்து (வந்த எழுத்துகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) ஒரு எழுத்தை உருவிவிடும். மெதுவாக டைப் அடித்தால் ஃபிஃபோவில் ஒரே எழுத்துதான் இருக்கும் என்பதால் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. 12345678 என்று பேஸ்ட் செய்தபோதுதான் திரையில் 15 மட்டும் வந்தது. இம்ப்லைக் காலியாக விட்டால் 1 முதல் 4 பைட் வரை என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 8 பைட் ரீட் வந்தால் இரண்டு அழைப்பு. படித்தாலே நிலை மாறுகிற ரெஜிஸ்டர் இருந்தால் இம்ப்ல் அளவை நீங்களே கையால் எழுதிவிடுங்கள். என்டியனையும் (பைட்களை அடுக்கும் வரிசை) அப்போதே குறித்துவிடுங்கள்.

சரி, இனி மேப்பில் மாட்டுவது. ரீஜன்கள் ஒரு மரம் மாதிரி: கன்டெய்னருக்குள் ரீஜன், அதற்குள் இன்னொன்று. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பிரையாரிட்டி அதிகமுள்ளது ஜெயிக்கும், ஆனால் ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள் மட்டும்தான் அந்தப் போட்டி. கன்டெய்னருக்குள் 100 என்று போட்டு வெளியே இருப்பதை மறைக்க முடியாது. ஒரே ரேம் இரண்டு அட்ரஸில் தெரிய வேண்டுமென்றால் இரண்டு ரேம் உருவாக்காதீர்கள், ஏலியஸ் (அதே ரீஜனை இன்னொரு அட்ரஸிலும் காட்டுவது) போடுங்கள்.

இன்னும் எழுதாத டிவைஸ்களின் இடத்தைக் காலியாக விடுவதைவிட 'அன்இம்ப்ளிமென்டட் டிவைஸ்' வைத்து நிரப்புவது நல்லது. அதன் பிரையாரிட்டி -1000, ஆகவே நிஜ டிவைஸ் வந்ததும் தானாக ஒதுங்கிக்கொள்ளும். லாகில் 'அன்இம்ப்' ஆப்ஷனைப் போட்டால் கெஸ்ட் எந்த ஆஃப்செட்டைத் தட்டுகிறது என்று வரிவரியாக வரும். அடுத்து எந்த ரெஜிஸ்டரை எழுதுவது என்று நான் முடிவு செய்வதே அந்த லாகைப் பார்த்துத்தான்.

எல்லாம் மாட்டியபின்னும் கால்பேக் கூப்பிடப்படவில்லையா? டிரைவரைத் திட்டுவதற்கு முன் மானிட்டரில் (க்யூஎமுவுக்கே கட்டளை கொடுக்கும் கன்சோல்) 'இன்ஃபோ எம்ட்ரீ' அடியுங்கள். மரம் சரியாகத் தெரிந்தால் 'எஃப்' ஆப்ஷனோடு மறுபடி அடியுங்கள், மோதல்கள் எல்லாம் தீர்ந்தபின் சிபியு பார்க்கும் தட்டையான மேப் வரும். மரத்தில் இருந்து அதில் இல்லையென்றால் உங்கள் ரீஜன் மேல் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது.