பிரசங்க ஸ்லைடு: கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியும் தவறுகள்

ஞாயிறு ஆராதனையில் புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. கீழே இருக்கிற தவறுகளில் பாதி நானே செய்தவை.

பெரிய தவறு, வசனத்தைக் கண்ட இடத்தில் வெட்டுவது. யோவான் 3:16ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்லைடில் அடங்கவில்லை என்று ‘கெட்டுப்போகாமல்’ என்ற சொல்லோடு நிறுத்தினேன். தமிழில் வினை கடைசியில்தானே வரும்? ‘இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்’ அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டது. தேவன் என்ன செய்தார் என்பதே திரையில் இல்லை! போதகரோ முதல் ஸ்லைடிலேயே நின்று பத்து நிமிடம் விளக்கினார். இந்த வசனத்தை எழுத்தைச் சற்றுக் குறைத்தாவது ஒரே ஸ்லைடில் வைக்க வேண்டும். நீளமான பகுதி என்றால் வாக்கியம் முடிகிற இடத்தில் பிரியுங்கள்.

எழுத்தைக் குறைக்கலாம் என்றேன், அதற்கும் எல்லை உண்டு. நான் 40 பாயின்ட்டுக்குக் கீழே போவதில்லை. எழுத்து சிறுத்தால் முதலில் மறைவது மெய்யின் புள்ளி; ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரியும். தரை சமமாக இருக்கிற கோயில்களில் திரையின் அடிப்பகுதியை முன்வரிசைத் தலைகள் மறைக்கும். கீழே கால்வாசி இடத்தைக் காலியாக விடுங்கள்.

பின்னணியில் சூரிய அஸ்தமனம், புறா, அருவி வேண்டாமே. காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக அடிக்கும்போது எல்லாம் வெளிறி, எழுத்தும் படமும் கலந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து போதும்.

படமே கூடாது என்று சொல்லவில்லை. கெட்ட குமாரன் கதையில், லூக்கா 15:16இல், பன்றிகள் தின்கிற ‘தவிடு’ வருகிறது. நம் மனதில் வருவது அரிசித் தவிடு. கிரேக்க மூலத்தில் இருப்பது கேரோப் மரத்தின் நெற்று. புளியங்காய் போல நீளமாக, பழுப்பாக இருக்கும். அந்த நெற்றின் படம் ஒன்றைக் காட்டினால் சபை நிமிர்ந்து உட்காரும். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததற்குத்தான் படம். அதற்காகக் கூகுளில் கிடைத்ததை வாட்டர்மார்க்கோடு ஒட்டிவிடாதீர்கள்.

ஃபான்ட் விஷயம் தெரிந்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் யாராவது மாட்டுகிறார்கள். வீட்டில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த பிரசங்கம், அந்த ஃபான்ட் இல்லாத சபை லேப்டாப்பில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடியுங்கள். முடிந்தால் பிடிஎஃப் பிரதி ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும்.

அப்புறம், பிரசங்கக் குறிப்பை அப்படியே திரையில் ஏற்றுவது. எல்லாரும் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள், போதகர் பேசுவது யார் காதிலும் விழாது. ஒரு குறிப்புக்கு நாலைந்து சொற்கள் போதும். அவர் சாட்சியோ கதையோ சொல்லும்போது திரைக்கு வேலையே இல்லை. பவர்பாயின்ட்டில் ‘B’ விசையைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் வந்துவிடும்.

போதகர் திடீரென்று மூன்றாம் குறிப்பிலிருந்து ஐந்துக்குத் தாவுவார், அப்போது ஸ்லைடுகளை வரிசையாக ஓட்டித் தேடாதீர்கள். ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போகும். ஸ்லைடு எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.