நாடுகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி: காரைக்குடி டீக்கடைச் சண்டையிலிருந்து ஒரு வழி

"இந்தியா பொருளாதாரத்துல பிரிட்டனையே தாண்டிருச்சு தெரியுமா" என்று ஒருவர் பேப்பரை மடக்குவார். எதிரில் இருப்பவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்புறம் ஏண்ணே என் மகன் சிங்கப்பூர்ல போய் லாரி ஓட்டுறான்" என்று கேட்பார். காரைக்குடியில் இந்தச் சண்டையை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒருவர் படியால் அளக்கிறார், இன்னொருவர் முழத்தால் அளக்கிறார். குரூப் 1 எழுதும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பொருளாதாரம் எடுக்கிறேன், அவர்களும் ஜிடிபி, ஜிஎன்ஐ, பிபிபி, ஹெச்டிஐ என்று எழுத்துக்களை ஒப்பிப்பார்களே ஒழிய, எதை எங்கே வைத்துப் பார்ப்பது என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், பணம் எங்கே விளைந்தது, யார் வீட்டுக்கு வந்தது என்று பிரிக்கப் பழகுங்கள். இதற்கு நம் ஊரை விட்டால் வேறு பாடப்புத்தகம் வேண்டாம். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்று பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, காலுக்குக் கீழே மட்டும் நம்ம ஆத்தங்குடிக் கல். இந்த வீட்டைக் கட்டிய காசு சிவகங்கைச் சீமையின் செம்மண்ணில் விளையவில்லை. மலாயாவிலும் இலங்கையிலும் கொடுத்த கடனின் வட்டி அது. அங்கே நடந்த வியாபாரம் அந்த நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜிடிபி. லாபம் செட்டிநாட்டில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு வந்து சேர்ந்ததால் அது இந்த நாட்டு மொத்த தேசிய வருமானம், ஜிஎன்ஐ. வீடு கட்டிய கொத்தனார் கூலி, ஆத்தங்குடிக் கல் மாதிரி இந்த மண்ணில் நடந்த வேலை மட்டும் இங்கே ஜிடிபியில் ஏறும். (பர்மாவை வேண்டுமென்றே விட்டேன். 1937 ஏப்ரல் வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம், 'வெளிநாடு' என்று எழுதினால் மார்க் போகும்.)

இங்கே பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் லாரி ஓட்டும் அந்த மகன் அனுப்பும் பணம் இந்திய ஜிஎன்ஐயில் சேருமா? "இந்தியர் சம்பாதித்தது, சேரும்" என்பார்கள். சேராது. கணக்கு பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, எங்கே குடியிருக்கிறார் என்றுதான் பார்க்கும். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தால் அவர் சம்பளம் சிங்கப்பூர்க் கணக்கு, வீட்டுக்கு வரும் பணம் வெறும் அனுப்புத் தொகை. இந்தியாவுக்கு இப்படி வருவது 2022 முதல் வருஷத்துக்கு 10,000 கோடி டாலருக்கு மேல், உலகத்திலேயே அதிகம். இத்தனை வீட்டில் அடுப்பெரிகிற பணம் ஜிடிபி, ஜிஎன்ஐ இரண்டிலுமே நேராகத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான வேடிக்கை அயர்லாந்து. 2015-ல் அந்த நாட்டு ஜிடிபி ஒரே வருஷத்தில் கால் பங்கு வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. ஜனங்கள் கையில் அப்படி ஒன்றும் வரவில்லை, பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே மாற்றி எழுதியதால் வந்த வீக்கம் அது. அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பிறகு 'திருத்திய ஜிஎன்ஐ' என்று தனியாக ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. ஆக, ஒரு சின்ன நாடு பட்டியலில் உச்சியில் இருந்தால் ஜிடிபியையும் ஜிஎன்ஐயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது எத்தனை பேரால் வகுப்பது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, வரி புள்ளிக்கு இவ்வளவு என்று வைப்பார்கள். எதை ஒரு புள்ளியாக எடுக்கிறோம் என்பதில்தான் கணக்கே இருக்கிறது. பிரிட்டனைத் தாண்டியது நாட்டின் மொத்த ஜிடிபி. 140 கோடிக்கும் மேற்பட்ட பேரால் வகுத்தால் 2023-ல் தலைக்குச் சுமார் 2,500 டாலர், அமெரிக்காவில் 80,000-க்கு மேல். உலக வங்கி நாடுகளைத் தட்டுத் தட்டாகப் பிரிப்பதும் தலைக்கு ஜிஎன்ஐ எவ்வளவு என்பதை வைத்துத்தான். 2025 ஜூலையில் அறிவித்தபடி 1,135 டாலர் வரை குறைந்த வருமான நாடு, 4,495 வரை கீழ் நடுத்தரம், 13,935 வரை மேல் நடுத்தரம், அதற்கு மேல் உயர் வருமானம். நாம் கீழ் நடுத்தரத்தில் இருக்கிறோம்.

சரி, 2,500-க்கும் 80,000-க்கும் முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். அமெரிக்கக்காரர் நம்மைவிட முப்பது மடங்கு வசதியாகவா வாழ்கிறார்? இங்கேதான் பிபிபி வருகிறது, வாங்கும் சக்திச் சமநிலை. என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், பல்வலி வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தீபாவளி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். ஊருக்கு வந்ததும் முதல் வேலை ரூட் கெனால். அதே பல், அதே வேலை, அங்கே கேட்கும் காசில் ஒரு பங்குதான் இங்கே. ஆனால் போன் வாங்கப் போனால் விலை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கப்பலேறிப் போய் விற்கக்கூடிய சாமானின் விலை உலகம் முழுக்க ஒட்டி நிற்கும். பல் வைத்தியம், தையல், முடிவெட்டு, வீட்டு வாடகை எல்லாம் அந்தந்த ஊர்க் கூலியோடு நிற்கும். இந்த இரண்டையும் கலந்து, ஒரு டாலருக்கு அமெரிக்காவில் கிடைப்பதை இங்கே வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்று நாடு நாடாக விலை எடுத்துப் பார்க்கிறார்கள். 2021 விலைக் கணக்குப்படி நமக்கு அது சுமார் 20 ரூபாய்தான், அப்போது பேங்கில் டாலர் 74 ரூபாய் விற்றது. அப்படிப் பார்த்தால் முப்பது மடங்கு எட்டு ஒன்பது மடங்காகச் சுருங்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆட்கள் செய்யும் தப்பு ஒன்றை எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு 2022 முதல் ஆளுக்கு நாளைக்கு 2.15 டாலராக இருந்தது, 2025 ஜூனில் 3 டாலராக்கினார்கள். உடனே வாட்ஸ்அப்பில் ஒருவர் 3-ஐ பேங்க் ரேட்டான 85-ஆல் பெருக்கி, "நாளைக்கு 255 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் ஏழையாம்" என்று போட்டார். அப்படி இல்லை. அந்த 3 டாலர் பிபிபி டாலர், 20-ஆல்தான் பெருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2021 விலையில் ஏறக்குறைய 60 ரூபாய், சாப்பாடு, துணி, மருந்து, பஸ் எல்லாம் சேர்த்து. எவ்வளவு தாழ்வான கோடு என்று இப்போது தெரிகிறதா? அதைத் தாண்டிவிட்டார் என்றால் வசதியாகிவிட்டார் என்று படிக்கக் கூடாது. அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல், ஆயுதம், வெளிநாட்டுக் கடன் இதையெல்லாம் பிபிபியில் கட்ட முடியாது, அங்கே பேங்க் ரேட்தான். 2022-ல் இலங்கை கையில் டாலர் இல்லாமல் திணறியபோது பிபிபி எந்தக் கப்பலையும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவரவில்லை.

சராசரிக்குள்ளே யாருக்கு எவ்வளவு என்று பார்க்க கினி குறியீடு. இத்தாலியரான கொராடோ கினி 1912-ல் கொடுத்தது. பூஜ்யம் என்றால் எல்லாருக்கும் சமம், 100 என்றால் ஒருவரே எல்லாவற்றையும் சுருட்டிவிட்டார். தென்னாப்பிரிக்கா 60-க்கு மேல். 2025 ஜூலையில் இந்தியாவுக்கு 25.5, உலகத்திலேயே நாலாவது சமத்துவ நாடு என்று ஒரு செய்தி சுற்றியது. எண் சரி, ஒப்பிட்டதுதான் தப்பு. இந்தியாவில் எடுப்பது செலவுக் கணக்கு, பல நாடுகளில் எடுப்பது வருமானக் கணக்கு. செட்டிநாட்டில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? கோடி ரூபாய் சொத்துள்ள ஆச்சி, மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் காலையில் நீராகாரம் குடிப்பார். செலவை மட்டும் எழுதினால் ஆச்சிக்கும் அவர் வீட்டில் வேலை பார்க்கிறவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பணக்காரர் வருமானத்தில் பெரும்பங்கு சேமிப்புக்குப் போவதால் செலவுக் கினி பெரும்பாலும் தணிந்தே இருக்கும். செலவைச் செலவோடு ஒப்பிடுங்கள்.

ஹெச்டிஐ, அதாவது மனித வளர்ச்சிக் குறியீடு பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1990-ல் ஐநா வளர்ச்சித் திட்டம் கொண்டுவந்தது, பாகிஸ்தானின் மஹ்பூப் உல் ஹக் முன்னின்றார், அமர்த்தியா சென் கை கொடுத்தார். ஆயுள், படிப்பு, தலா வருமானம் மூன்றும் சேர்ந்தது. இந்தியா 2023 கணக்கில் ஒன்றுக்கு 0.685, 130-ஆவது இடம். திவாலான இலங்கை நம்மைவிட மேலே இருக்கிறது. அங்கே பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 77-ஐ ஒட்டி, இங்கே 72-ஐ ஒட்டி.

இனி வளர்ச்சி வேகம். வட்டிக்கு வட்டி தெரிந்த ஊர் என்பதால் 70-ஐ வைத்துச் சொல்கிறேன்: 70-ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக ஆகும் வருஷம். 7 சதவீதம் என்றால் பத்து வருஷம், 2 சதவீதம் என்றால் முப்பத்தைந்து. ஆனால் 2,500-ல் 7 சதவீதம் 175 டாலர், 80,000-ல் 2 சதவீதம் 1,600 டாலர். நாம் வேகமாக ஓடும்போதே இடைவெளி டாலரில் விரிந்துகொண்டு போகும், மடங்கில் சுருங்கிக்கொண்டு வரும். "ஏற்றத்தாழ்வு கூடியது" என்றும் "குறைந்தது" என்றும் ஒரே நாளில் இரண்டு செய்தி வந்தால் எந்த அளவு என்று பாருங்கள், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நாட்டை ஒரு புள்ளியாக எடுத்தார்களா, தலைகளை எண்ணினார்களா என்பதும் அதே மாதிரிதான். பொருளாதார அறிஞர் பிராங்கோ மிலானோவிச் இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். தலைகளை எண்ணினால் சீனாவும் இந்தியாவும் வளர்ந்ததாலேயே நாடுகளுக்கிடையே இடைவெளி குறைந்திருக்கும்.

ஏன் சில நாடுகள் பின்தங்கின என்பதற்கு ஒரே பதில் கிடையாது, கிடைத்ததாகச் சொல்பவரை நம்பாதீர்கள். ஒரு காரணத்தை மட்டும் நம் பேரேட்டிலிருந்து காட்டலாம். ஒரே விளைபொருளை நம்பிய நாடு அதன் விலை விழுந்தால் என்ன ஆகும்? 1930-ல் கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது, விவசாயி கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் மூழ்கியது. 1937 வாக்கில் அது 25 சதவீதம். நிலம் கேட்டுப் போனவர்கள் இல்லை, வட்டிதான் கேட்டார்கள், ஆனாலும் பர்மாக்காரன் பார்வையில் அது எப்படி இருந்திருக்கும்? 1942-ல் ஜப்பான் படை வந்ததும் பெட்டியடியை (வட்டிக்கடையை) விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்கள் உண்டு. 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது, 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது, 1987-ல் அரிசி ஏற்றுமதிக்குப் பேர்போன அந்த நாடு ஐநாவின் மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகள் பட்டியலில் சேர்ந்தது.

பழகிப் பார்க்க வேண்டுமா, உலக வங்கியின் தரவுத் தளத்தைத் திறந்து செட்டியார்கள் கடை போட்ட நாடுகளையே எடுங்கள்: மியான்மர், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வியட்நாம், கூடவே இந்தியா. தலைக்கு ஜிடிபியை ஒருமுறை நடப்பு டாலரில், இன்னொருமுறை 2021 நிலை விலை (விலைவாசி ஏற்றத்தைக் கழித்த) பிபிபியில் போடுங்கள். வரிசை எங்கே மாறுகிறது, இடைவெளி எங்கே சுருங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆயுளை எழுதுங்கள். எந்த வருஷத்து எண் என்பதை மறக்காமல் போடுங்கள், என் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.