மலைப் பேச்சும் ஏஐ கருவிகளும்: டிஜிட்டல் ஹியூமானிட்டீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் (மொழி, இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராயும் துறை) கற்பிப்பவர்கள் முதலில் தவிர்க்க வேண்டியது, படுகர் பெரியவர் ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து, தமிழுக்கான ஏஐ கருவியில் போட்டு எழுத்தாக்குவது. படுகர்கள் பேசும் படுகு மொழி தெரியாத கருவி, தெரியாது என்று சொல்லாது. காதில் விழுந்ததை ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லாக்கி, பிசிறில்லாத வாக்கியமாகவே கொடுத்துவிடும். அதை வைத்து மாணவர் சொற்களை எண்ணி வரைபடம் போட்டால், யாருமே பேசாத ஒரு பேச்சை ஆராய்ந்ததாகிவிடும்.

நீலகிரியின் தோடர்கள் பேசும் தோடா மொழியில் சிக்கல் இன்னும் அதிகம். குறிலும் நெடிலுமாக 16 உயிரொலிகள், ரகரத்திலேயே பல வகை. தமிழ் எழுத்துக்குள் இவை அடங்காது. 1930களில் இங்கே களப்பணி செய்த மொழியியலாளர் எமனோ, காதால் கேட்டு ஒலிக்குறிகளில் எழுதினார். இன்றைக்கும் அந்த மொழி பேசுபவரோடு உட்கார்ந்து வரிவரியாகக் கேட்பதுதான் நம்பகமான வழி. நேரம் பிடிக்கும்தான், அந்த நேரத்தைப் பாடத்திட்டத்திலேயே ஒதுக்குங்கள்.

பதிவு செய்யச் சம்மதித்தவர் இணையத்தில் ஏற்றவும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவுச் சடங்குப் பாட்டை இலவசச் சேவையில் ஏற்றினால், அது கருவிக்கான பயிற்சித் தரவாகவும் போகலாம். குடும்பத்தாரிடம் இதை விளக்கித் தனியாகக் கேட்க வேண்டும்.

அப்புறம் பழைய தமிழ் அச்சு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்களில் ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக்கும் கருவி) தடுமாறும். தமிழ் எண்கள் அதைவிட மோசம். ௧ என்பது க ஆகும், ௨ என்பது உ ஆகும். ஆண்டும் தொகையும் எழுத்துக் குவியலாகிவிடும். எண் வரும் இடங்களையெல்லாம் மூலப் படத்தோடு கண்ணால் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

மலையின் வரலாற்றை ஏஐயிடம் சுருக்கிக் கேட்பதிலும் கவனம் தேவை. 1820களில் கோயம்புத்தூர் ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் ஊட்டிக்கு வந்த பிறகு அதிகாரிகளும் பாதிரிமார்களும் ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதிவைத்தார்கள். அந்தப் பார்வையே பொதுவான உண்மை போலப் பதிலில் வந்துவிடும். எந்த ஆண்டில் யார் எழுதியது என்று மாணவர் தேடிக் காட்டட்டும். கருவி சொல்லும் நூல் உண்மையில் இருக்கிறதா என்பதையும் நூலகப் பட்டியலில் பார்க்கட்டும்.

ஏஐயை அடியோடு தடை செய்வதும் தவறு. மாணவர்கள் மறைத்துப் பயன்படுத்துவார்கள், அவ்வளவுதான். மூலப் படம் அல்லது ஒலி, கருவி தந்த வடிவம், மாணவர் திருத்திய வடிவம் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். மதிப்பெண்ணில் பெரும்பங்கைத் திருத்தங்களுக்கே கொடுங்கள்.