“கொழுத்துப் போனாய்” என்று சொந்தக்காரர் பிள்ளைக்குச் சொல்லும்போது வீட்டார் என்ன செய்வது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். படலையைத் திறந்ததுமே பேச்சு பிள்ளையின் உடம்பில் வந்து நிற்கும்: “என்னடி, நல்லாக் கொழுத்துப் போனாய்”, “வெயிலுக்கை திரிஞ்சு கறுத்துப் போனாய்.” சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் பிள்ளைக்கு அது இரவு படுத்த பிறகும் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் தாய் தகப்பன் சிரித்து மழுப்பினால், அவர்களும் அதை ஏற்றுக்கொண்டதாகவே பிள்ளை நினைக்கும். சண்டை தேவையில்லை. மரியாதையாகப் பேச்சைத் திருப்ப ஒரு வசனத்தை முதலே பழகி வையுங்கள்: “மாமி, அவள் வளருற வயசு. இந்த வருசம் வலைப்பந்து விளையாடுறாள், அதைக் கேளுங்கோவன்.” அடிக்கடி வருபவர் என்றால், பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, உடம்பைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று நேரே சொல்லிவிடுங்கள்.

இரவில் பிள்ளையிடம், “மாமி சொன்னது உனக்கு எப்பிடி இருந்தது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உடனே “நீ வடிவுதானே” என்று தேற்றாதீர்கள். வடிவுதான் பெரிய விசயம் என்பதை அது இன்னும் உறுதிப்படுத்தும். கண்ணாடிக்கு முன் நின்று தாய் தன் வயிற்றைத் தானே திட்டுவதையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதளவிலும் மிக வேகமாக உயர்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வது பூப்பின் இயல்பான பகுதி. பெரியவர்களுக்கான 18.5 முதல் 25 வரையான உடற்திணிவுச் சுட்டெண்ணை (BMI, உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டும் அளவு) இவர்களுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடம் தனியாக உண்டு. சந்தேகம் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வீட்டில் நாளாந்தம் நிறை பார்க்க வேண்டாம்.

சாமத்திய வீட்டு (பூப்புனித விழா) அல்பத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஸ்ருடியோவுக்கு முற்பணம் கொடுக்கும்போதே, “நிறத்தை வெளிறப் பண்ண வேண்டாம், முகத்தை ஒடுக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள். அச்சுக்குப் போக முன்னர் திரையில் பாருங்கள்: முகம் வெள்ளையாகவும் கைவிரல்கள் வேறு நிறமாகவும் தெரிந்தால் திருத்தச் சொல்லுங்கள். தன் விழாப் படத்தில் தன் நிறத்தையே அழித்திருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சடங்குக்கு முன் பூசுகிற வெள்ளையாக்கும் கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஒரே துவாயைப் பாவிக்கும் மற்றவர்களுக்கும் பரவும். உள்ளடக்கமும் தயாரித்தவர் பெயரும் அச்சிடாத டப்பாவை வாங்கவே வேண்டாம். ‘கலோமெல்’ என்று போட்டிருந்தால் அதுவும் பாதரசம்தான்.

சாப்பாட்டில் ஒருவருக்கு மட்டும் அளவு போடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே புட்டு, ஒரே சொதி, ஒரே முருங்கையிலை வறை. காலை ரியூசனுக்கு வெறும் வயிற்றோடு ஓடுகிற பிள்ளை பின்னேரம் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடும். அதற்கு ஏச்சு விழும். மறுநாள் காலையும் சாப்பிடாது. இதை வெட்ட, காலையில் 2 இடியப்பமாவது சாப்பிட நேரம் ஒதுக்குங்கள். ஜிம்முக்குப் போகும் பெடியன்கள் வாங்கும் புரதப் பொடியையும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க விடாதீர்கள்.

சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டுதல், வேகமாக மெலிதல், வெக்கையிலும் முழுக்கை உடுப்பு, 3 மாதம் மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவற்றில் ஏதாவது தென்பட்டால் காத்திராதீர்கள். மயங்கி விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்கலாம், யாழ். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் உண்டு. தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. போகும்போது, “உனக்கு விசர் எண்டு கூட்டிக்கொண்டு போகேல்லை, சாப்பாடு உனக்குக் கரைச்சல் தருகுது, அதைக் கேக்கத்தான் போறம்” என்று வழியிலேயே சொல்லிவிடுங்கள்.