மண்ணெண்ணெயிலிருந்து காஸுக்கு மாறியும் சட்டி கரிபிடித்த கதை

2022 இல் இலங்கையில் வந்த காஸ் தட்டுப்பாட்டோடு எங்கள் காஸ் குக்கரை உப்புவெளி வீட்டு விறாந்தையில் மூடி வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் அடுப்புக்குப் போனோம். போன மாதம்தான் 12.5 கிலோ சிலிண்டர் வாங்கித் திரும்பவும் பூட்டினேன். சின்ன அடுப்பு நீலமாக எரிந்தது. பெரியதில் மஞ்சள் சுவாலை, சட்டி அடி முழுக்கக் கரி. "இதுக்கு மண்ணெண்ணெயே பரவாயில்லையடா தம்பி" என்றா அம்மா.

ரெகுலேட்டர் மாற்றினேன், குழாய் மாற்றினேன். கடைக்காரர் சொல்லி சிலிண்டரையும் மாற்றினேன். நாலு நாள் போய்விட்டது. ஒரே சிலிண்டரில் ஒரு அடுப்பு நீலமாக எரிந்தால் சிலிண்டரிலோ ரெகுலேட்டரிலோ குழாயிலோ பிழை இல்லை என்பது மண்டையில் ஏறவில்லை!

பிறகு பெரிய பேர்னரின் மூடியைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். அப்பவும் மஞ்சள்தான். அப்போ பிழை மூடிக்குக் கீழே, காற்றும் காஸும் கலக்கிற குழாயில். சிலிண்டரின் வால்வை மூடி, குக்கரைக் கவிழ்த்து, டோர்ச் அடித்தேன். காற்று இழுக்கிற வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, அதற்குப் பின்னால் சிலந்தி வலை. காற்றுக் குறைந்தால் காஸ் முழுதாக எரியாது, அதுதான் கரி.

ஈர்க்கால் கிண்டி, பழைய பல்துலக்கியால் துடைத்தேன். காஸ் பாய்கிற ஜெட் துளைக்குள் மட்டும் கம்பி விடவில்லை. அது பெருத்தால் காஸ் கூடப் பாயும். பூட்டிய பிறகு மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன், குமிழி இல்லை. பற்ற வைத்தேன், நீலம். பழைய ரெகுலேட்டர் இப்போது சும்மா கிடக்கிறது.